இஞ்சு டேப்பைச் சாட்டையாக்கியவள்

அந்தப் படம் மெயின்லேண்டில் ஒரு வாரம்கூட ஓடவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அந்தமானில், எங்கள் ஜங்லிகாட்டில் அது ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியது. கலை காரணமில்லை, கப்பல்தான் காரணம். புது கேசட் என்றால் சென்னையிலிருந்து வர வேண்டும்; காற்றும் மழையுமான அந்த வருடம் கப்பல் நாளைத் தள்ளித் தள்ளி வந்தது. வீடியோ கடைக்காரர் கையை விரித்தார்.

"இருக்கறது இதுதான்மா. எடுக்கறதுன்னா எடு, இல்லேன்னா அடுத்த ஜஹாஸ் வர்ற வரைக்கும் சுவத்தைப் பாரு."

எடுத்தோம். ஞாயிறுதோறும் எடுத்தோம். வாடகை வீடியோ டெக்கைக் கைக்குழந்தைபோல் மழைக்கோட்டில் சுற்றி, ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திக்கொண்டு அத்தா வருவார். அவர் பின்னாலேயே தெரு வரும்.

என்ன படம் அது! பகலில் அவள் தையல்காரி, பொழுது சாய்ந்தால் முகமூடிக்காரி. தோளில் கிடக்கும் இஞ்சு டேப்பை உருவிச் சுழற்றினாளென்றால் ஆறு அடியாட்கள் ஒரே நேரத்தில் சரிவார்கள். அதில் ஒருவன் விழுவதற்கு முன், சட்டைக்கு அளவு கொடுப்பவன்போல இரண்டு கைகளையும் விரித்து நிற்பான். வில்லன் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே படிக்கட்டு இறங்கும். நாங்கள் கைதட்டுவோம், தகரக்கூரைமேல் மழையும் கைதட்டும்.

கூடத்தில் வங்காளிகள், தெலுங்கர்கள், ஒரு மலையாளிக் குடும்பம். யாருக்கும் தமிழ் தெரியாது. தெரிந்த அத்தா முதல் பாட்டிலேயே உறங்கிவிடுவார். அம்மா எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு அடுப்படியிலேயே இருப்பார். அதனால் டிவி பக்கத்தில் நான் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் இந்தியில் சொல்வேன். எங்கள் தெருவில் அதுதான் வழக்கம்: யார் மொழிப் படமோ அந்த வீட்டுப் பிள்ளை சொல்ல வேண்டும். எனக்குப் பதினெட்டு வயது. நடிகர் சொன்னதைவிட, சொல்லியிருக்க வேண்டியதுதான் முதலில் என் வாயில் வரும்.

கடைசிக் காட்சியில் அவள் எல்லோரையும் அடித்து வீழ்த்திவிட்டு, இஞ்சு டேப்பைக் கணவன் காலடியில் வைப்பாள். "இனிமே எனக்கு இந்த வீடு போதும், நீங்க போதும்" என்று அழுவாள். முதல் ஞாயிறே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் இந்தியில் சொன்னது வேறு: "கடையை மூடமாட்டேன். வேணும்னா நீயும் வந்து உட்கார்ந்து காஜா எடு." அழுகிறாளே என்று யாரோ கேட்டதற்கு, அது சந்தோஷக் கண்ணீர் என்றேன்.

எதிர்வீட்டில் பௌதி இருந்தார். வங்காளத்தில் அண்ணி என்று பொருள். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த அவருக்குக் கடை போட ஆசை. தீவுக்குத் தீவு ஓடும் கப்பலில் வேலை பார்த்த அவர் கணவர், கப்பல்காரன் பெண்டாட்டி கடையில் உட்காருவதா என்று முறுக்கிக்கொண்டிருந்தார். நாலாவது ஞாயிறு, படம் முடிந்து விளக்கைப் போட்டதும், எங்கள் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் பௌதி எழுந்து நின்று என் வசனத்தை அவரிடம் சொன்னார். ஒரு சொல் பிசகாமல். தெரு விசிலடித்தது.

கடை வந்தது. இரண்டு வருடத்தில் அவர் கப்பலை விட்டுவிட்டு வந்து காஜா எடுக்க உட்கார்ந்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்.

போன மாதம் பௌதி போன் செய்தார். "ஏய், நம்ம படம் கிடைச்சுருச்சு! யாரோ நெட்ல போட்டுருக்கான், மக அனுப்பினா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வா, மீன் வெக்கறேன்."

மகிழ்ச்சிக்கு முன்னால் பயம் வந்தது. முப்பது வருடத் தமிழ் வாடிக்கையாளர்களோடு சண்டை போட்டுச் சண்டை போட்டுப் பௌதி இப்போது என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். எந்த வசனத்தை நம்பிக் கடை திறந்தாரோ, அது படத்திலேயே இல்லை. அதை அவர் தன் காதால் கேட்கப்போகிறார்.

பழைய கேசட்டிலிருந்தே எடுத்திருந்தார்கள். அதே வெள்ளைக் கோடுகள் திரையில் ஏறி இறங்கின. அடியாள் கைகளை விரித்தபோது பௌதி சோபாவில் குதித்தார். ஃப்ரிட்ஜ் திறந்தபோது, சாய்வு நாற்காலியில் கிடந்த அவர் கணவரும் சேர்ந்து மூன்று பேரும் கத்தினோம். என் தட்டில் மட்டும் மீன் அப்படியே இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. டேப் காலடிக்குப் போனது. "இந்த வீடு போதும், நீங்க போதும்."

பௌதி படத்தை நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"அரே, கடை எங்க? காஜா எங்க?"

"அது... நான் சொன்னது, பௌதி. அவ சொல்லல."

சாய்வு நாற்காலியிலிருந்து கணவரின் குரல் வந்தது. சுத்தமான தமிழ்.

"அவ அன்னிக்கே அதைச் சொல்லல. எனக்குத் தெரியும்."

இருவரும் திரும்பினோம்.

"உனக்கு அப்பவே தமிழ் தெரியுமா?" என்றார் பௌதி.

"கப்பல்ல பாதி ஆளு மெட்ராஸ். திட்டறதுக்குக் கத்துக்கிட்டேன், மீதி தானா வந்துச்சு."

"அப்போ ஏன் வாயை மூடிட்டு இருந்த?"

அவர் மீசையைத் தடவினார். "ஹேவ்லாக் தீவு தாண்டினாலே எனக்கு வாந்தி. பதினோரு வருஷம், தினம் வாந்தி. கப்பல்காரன் இதை வெளியில சொல்ல முடியுமா? இந்தப் பொண்ணு ஒரு பொய் சொல்லிச்சு, நான் கரையேறிட்டேன்."

பௌதி கையிலிருந்த தலையணையை அவர்மேல் எறிந்தார். இன்னொன்று என்மேல் வந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்க, நாங்கள் சிரிக்க, எதிர்ப்பால்கனிக்காரி எட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பௌதி ரிமோட்டை எடுத்தார். படம் முதலிலிருந்து ஓடத் தொடங்கியது.

"வேற எங்கெல்லாம் பொய் சொன்ன? உண்மையச் சொல்லு."

"கல்யாண சீன்ல கொஞ்சம்."

"ஜட்ஜு சொன்னது?"

"முழுசா நான்தான்."

"சாகறப்போ அவ அம்மா சொன்னது? நான் அதுக்கு எவ்வளவு அழுதேன்!"

நான் மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.