முகமில்லாத சீனர்கள்

முகம் போடாமல் ஆளை வரைந்துவிட்டு அதைப் பெரிய கலை என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஏழு வயதிலும் வந்தது.

அப்போது நாங்கள் குவைத்தில், ஃபஹாஹீலில் இருந்தோம். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் அப்பா டிராஃப்ட்ஸ்மேன். குழாய்களையும் தொட்டிகளையும் வரைந்து, அடியில் அச்சடித்ததுபோல எழுதுவது அவர் வேலை. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் வெள்ளைக்கார மேனேஜரின் மனைவி ஆறு படங்களை அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். இளவயதில் சீனாவில் இருந்தபோது அவளே மையால் வரைந்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் இன்னார் என்று அப்பா இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும். நாவிதர், மீன்காரி, தண்ணீர் சுமப்பவர். பெயர் கிடையாது, தொழில் மட்டும்தான்.

அன்று மணற்காற்று. ஜன்னலுக்கு வெளியே பகல் முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. ஏ.சி. ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. அப்பா டூட்டிக்குப் போயிருந்தார், அம்மா தூங்கிவிட்டாள். நான் படங்களைத் தரையில் பரப்பி நடுவில் படுத்துக்கொண்டேன். பார்க்கப் பார்க்க அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு படத்து வயலில் தண்ணீர் அசைந்தது. கழியின் இரண்டு முனையிலும் வாளி தொங்க, ஒருவர் என் பக்கமாக நடந்து வந்தார். கிட்டே வந்ததும் பார்த்தால் தொப்பிக்குக் கீழே வெறும் தாள். வாளிக்கு வளையம்கூடப் போட்டிருக்கிறாள் அந்த வெள்ளைக்காரி, ஆளுக்குக் கண் போடவில்லை.

அப்பாவின் பேனாவை எடுத்து நானே போட்டேன். மீன்காரிக்கு அம்மா முகம். நாவிதருக்கு மாமா முகம். தண்ணீர் சுமப்பவருக்கு அப்பா முகம், மீசையோடு. மீதி மூன்று பேருக்கு எங்கள் கட்டிடத்து ஆட்கள்.

சாயங்காலம் வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றார். அம்மாதான் கத்தினாள்.

"பாவி மவளே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க! வேல போச்சுன்னா விசாவும் போச்சு. எல்லாரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

"அவங்களுக்கு மூஞ்சியே இல்லப்பா."

"அந்தம்மா கண்ணுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்ட்டி," என்றார் அப்பா.

டிராஃப்ட்ஸ்மேன்கள் தப்பான கோட்டை ஷேவிங் பிளேடால் சுரண்டி எடுப்பார்கள். தாள் பறக்காமல் இருக்க ஏ.சி.யை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பா சுரண்டினார். கொஞ்சம் அழுத்தினால் தாள் கிழியும், கதை முடிந்தது. சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினார். கறுப்புப் பொடியை நான் ஊதிவிட்டேன். வேர்வை படத்தில் விழாதபடி அம்மா அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் படங்களை எழுதிக் கொடுத்துவிட்டு, மேனேஜரின் மனைவி தந்த பிஸ்கட் டின்னோடு அப்பா வந்தார்.

"எழுத்து பிரமாதம்னா. என்னய நிமிந்துகூடப் பாக்கல, தப்பிச்சோம்," என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நான் பாதி டின்னைத் தின்று தீர்த்தேன்.

ஆறு படத்தில் அப்பா முதலில் சுரண்டியது தன் முகத்தைத்தான். அம்மாவின் முகத்தைக் கடைசிவரை தள்ளித் தள்ளி வைத்திருந்தார். மீசையை நான் சரியாகப் போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.