பரணில் வைத்துக் காப்பாற்றிய பேட்டரி

பயன்படுத்தாத பொருள் கெடாது என்று நான் நம்பியிருந்தேன். சோபாவின் பிளாஸ்டிக் உறையை இன்றுவரை கிழிக்காத வீடு எங்களுடையது. டிவி ரிமோட்டுக்கும் உறை உண்டு. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வரில் பாதி இன்னும் ஸ்டிக்கரோடு உட்கார்ந்திருக்கிறது. அந்த வீட்டுக்குத்தான் ஒரு போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் வந்து சேர்ந்தது. பெயர்தான் பெரிது. ஆள் குக்கர் அளவு. உள்ளே பேட்டரி, முன்னால் பிளக் சொருகும் இடம், தூக்க ஒரு கைப்பிடி.

வாங்கியது என் மாமனாருக்காக. வாழ்நாள் முழுக்கத் தறிக்கூடத்தில் பஞ்சுத்தூசியைச் சுவாசித்தவர். இப்போது ஆக்ஸிஜன் மெஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். சங்கரன்கோவிலில் கரண்ட் இருக்கும், போகும், மனசு வந்தால் வரும்.

“பத்து வருஷம் உழைக்கும் அண்ணாச்சி. ஏத்தி இறக்க இறக்க ஆயுசு கொஞ்சம் கொஞ்சமா குறையும், எல்லா பேட்டரிக்கும் உள்ளதுதான்” என்றார் கடைக்காரர். ஏற்றி இறக்கினால் ஆயுள் குறையும் என்றால், ஏற்றி இறக்காவிட்டால்? என் மூளை அன்று பிரமாதமாக வேலை செய்தது. ஒரே ஒரு தடவை முழுச் சார்ஜ் போட்டேன். தெர்மாகோல் குலையாமல் அட்டைப்பெட்டிக்குள் திருப்பி வைத்தேன். பரணில் ஏற்றிவிட்டேன். பரணுக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கோடையில் அங்கே கையை நீட்டினால் அப்பளம் பொரிக்கிற சட்டிக்கு மேல் நீட்டியது போலிருக்கும்.

இரண்டு கோடை அப்படியே போனது. சின்னக் கரண்ட் கட்டுகளுக்கெல்லாம் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து சமாளித்தோம்.

“அந்தப் பெட்டியை இறக்குனா என்ன?” என்று மனைவி ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

“அதை எடுத்து எடுத்துத் தேய்க்காதட்டி. பெரிய ஆபத்துக்குன்னு வச்சிருக்கேன்.”

“பெரிய ஆபத்து நீங்கதான்.”

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் சிலிண்டரை நிரப்பக் கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். பெட்டி இருக்கிறதே.

மறுநாள் காலை தெருவில் விசைத்தறிச் சத்தம் ஒரே அடியாக நின்றது. எங்கள் தெருவில் கரண்ட் போனதைக் காதுதான் முதலில் சொல்லும். நான் பெட்டியை இறக்கினேன். திரையில் பாதிக்கு மேல் சார்ஜ் காட்டியது. மெஷினைச் சொருகினேன், ஓடியது. மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். அவள் கண்டுகொள்ளாமல் அடுப்படிக்குப் போய் ரவையை வறுத்தாள்.

உப்புமா இறங்குவதற்குள் பெட்டி ‘கீக்’ என்றது. திரை அணைந்தது. மெஷினும் நின்றது.

பொத்தானை அமுக்கினேன். தட்டினேன். குலுக்கினேன். மாமனாரின் தோள் ஏறி இறங்க ஆரம்பித்தது. நான் என்ன செய்தேன்? கடைக்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன்.

“பத்து வருஷம்னு சொன்னீரே வே?”

“ஓட்டுனா பத்து வருஷம் அண்ணாச்சி. சும்மா போட்டா செத்துரும்லா. அப்பப்ப சார்ஜ் ஏத்தணும், சூட்டுல வைக்கப்பிடாது. புக்குல போட்டிருக்கே.”

புக்கில் போட்டிருந்ததாம். எறும்புக்கு எழுதியது போன்ற எழுத்தில், கடைசிப் பக்கத்தில். பத்து வருஷத்தை மட்டும் வாய் நிறையச் சொன்ன மனிதர், செத்துவிடும் என்பதை அச்சடித்தவன் தலையில் கட்டிவிட்டார். ஒரு நோயாளிக்காக வாங்குகிறேன் என்று தெரிந்தேதான் விற்றார். இதை எழுதும்போதும் எனக்குப் பல் நறநறக்கிறது. அந்த எரிச்சலில் பாதி என் மேல்தான் என்பது அதைவிட எரிச்சல்.

“போன வச்சிட்டு ஆட்டோவக் கூப்பிடுதீயளா, இல்ல நானே எங்கப்பாவத் தூக்கிட்டுப் போகட்டா?” என்று மனைவி கரண்டியோடு வந்து நின்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோதுதான் என் கையில் பெட்டி இருப்பதைக் கவனித்தேன். செருப்பு போடவில்லை, மாமனாரின் மருந்துச்சீட்டை எடுக்கவில்லை. செத்த பேட்டரியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். நர்ஸ் மாமனாரைப் படுக்கவைத்து ஆக்ஸிஜன் மாட்டினார். என்னையும் பெட்டியையும் பார்த்தார்.

“சாப்பாடு கொண்டு வந்திருக்கீங்களா?”

மாமனாருக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நிதானப்பட்டது. முகமூடியை விலக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “மாப்ளே... அதுக்கும் ஒரு பெட் கேளுங்க.”

மனைவி சிரிக்கவில்லை.

பொழுது சாயக் கரண்ட் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. மாமனாரை வீட்டுக்குக் கூட்டிவந்து மெஷினை மாட்டினோம். சிலிண்டரும் நிரம்பி வந்தது. கடைக்காரர் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பத்து வருஷத்துக்கு வாங்கிய அது, வாங்கிய நாளிலிருந்து மொத்தம் உழைத்தது ஓர் உப்புமா கிளறும் நேரம்.