அக்கா நன்மை வாங்காத பெரிய வியாழன்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. அவரை நேசித்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரைக் கொடுக்கும்போது, உடன்பிறந்தவள் என்ற உரிமையில் நானும் கொஞ்சம் எழுதுகிறேன். அக்காவுக்குப் புகழ்ச்சி பிடிக்காது. நடந்ததை நடந்தபடியே சொல்லப் பார்க்கிறேன்.

அக்கா பிறந்தது அபிஷேகப்பாக்கத்தில். அப்பா குத்தகை நிலத்தில் நெல் பயிரிட்டவர். என்னைப் பெற்ற சில மாதங்களிலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அக்காதான் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே படித்தார். செவிலியர் பயிற்சியும் முடித்தார். பிறகு பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அரசு செவிலியர் வேலை. பூரணாங்குப்பம் வரைக்கும் முதலில் சைக்கிளில், பின்னாளில் மொபெட்டில் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார். வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள்; தாய்மார்கள் மோர் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொட்டும் மழையிலும் பிரசவம் என்று ஆள் வந்தால் கிளம்பிவிடுவார்.

மணமாகி வந்தது மூலக்குளத்துக்கு. மாமா மின்துறையில் வேலை பார்த்தவர், அதிர்ந்து பேசாத மனிதர். ஒரே மகள் ஸ்டெல்லா. மாமா மாரடைப்பில் திடீரென்று மறைந்தார். அவருக்கு வருஷம் திரும்புவதற்குள் ஸ்டெல்லா, பாகூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் இந்துக் குடும்பத்துப் பிள்ளையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மதம் அக்காவுக்குப் பெரிய தடையாக இருந்திருக்காது. தகப்பனின் ஆண்டுப் பூசை வரைக்கும் கூடப் பொறுக்கவில்லையே என்பதுதான் அவர் நெஞ்சில் தைத்தது. “இந்த வூட்ல அவ பேர யாரும் எடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். பேரன் பிறந்த செய்தி வந்தபோதும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

ஜெபமும் நின்றுபோனது. “கண்ண மூடினா கோவந்தான் வருது ஃபாதர்” என்று பங்குத்தந்தையிடம் முறையிட்டார். அவர் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தார். திருத்தூதர்களுக்கு அடுத்துவந்த தலைமுறைகளில் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் எழுதியவை, தமிழில். “ஜெபம் வரலன்னா பரவால்லம்மா. தவக்காலம் முடியிற வரைக்கும் தினம் ஒரு பக்கம் படிங்க” என்றார்.

அக்கா படித்தார். அடுத்த ஆண்டும் படித்தார். பிறகு வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் அதே தெருவில் குடியிருந்த நானும் மற்றப் பெண்கள் சிலரும் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார ஆரம்பித்தோம். அக்கா உரக்கப் படிப்பார். பழைய நடை, நீளநீளமான வாக்கியங்கள்.

“இன்னாக்கா இது, ஒரு வரி கூட புரியல” என்போம்.

“புரியலன்னா இன்னா? இன்னொரு வாட்டி படிக்கிறேன், கேளுங்கடி.”

விலங்கு மாட்டி, சாவதற்காக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட ஓர் ஆயர், போகிற வழியிலிருந்து சபைகளுக்கு எழுதிய கடிதங்களைப் படிக்கும்போது அக்காவுக்குள் இருந்த செவிலியர் விழித்துக்கொள்வார். “வெலங்கு போட்டா மணிக்கட்டு புண்ணாயி சீழ் வெச்சிடும். யாராவது மருந்து போட்டிருப்பாங்களா?” என்று கவலைப்படுவார். பக்கத்து வீட்டு பாத்திமாவும் வாசற்படி அருகே உட்கார்ந்து கேட்பார். ரமலானும் தவக்காலமும் சேர்ந்து வந்த ஆண்டில் அவர் கொடுத்தனுப்பிய நோன்புக் கஞ்சியை, படித்து முடித்ததும் எல்லோரும் குடித்தோம்.

அந்த ஆண்டுதான் அது நடந்தது. புனித வாரம் என்பதால் வெள்ளிக்குக் காத்திராமல் முன்னதாகவே கூடினோம். அன்று அக்கா படித்த பகுதி, ஞாயிறுதோறும் கூடி அப்பம் பிட்ட முதற் சபையாருக்கான ஒழுங்குமுறை. தன்னைச் சேர்ந்தவரோடு மனத்தாங்கல் உள்ளவர், சமாதானம் ஆகும்வரை அந்தக் கூட்டத்தில் சேராதிருக்கட்டும் என்ற பொருளில் ஓரிடம் வந்தது. அக்கா அதோடு நிறுத்தினார். புத்தகத்தை மூடிவிட்டு, “இன்னிக்கி போதும்” என்றார்.

பெரிய வியாழன் பூசையில் நன்மை என்று நாங்கள் சொல்லும் நற்கருணை அப்பத்தை வாங்க எல்லோரும் வரிசையில் எழுந்தபோது அக்கா எழுந்திருக்கவில்லை. முந்தானையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு என்னவோ என்று பயந்துபோய், வெளியே வந்ததும் கேட்டேன்.

“அந்தப் பந்தியில எனக்கு எடமில்லடி.”

“அது அந்தக் காலத்துக்கு எழுதினதுக்கா.”

“அந்தக் காலத்துக்கு எழுதினதுன்னா, நான் ஏன் இத்தினி வருஷமா படிச்சிக்கினு இருக்கேன்?”

சனிக்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு பாகூர் பஸ் ஏறினார். கடையைப் பார்த்ததும் நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்லாவில் இருந்த ஸ்டெல்லாவின் கணவர் பதறி எழுந்து உள்ளே குரல் கொடுத்தார். குழந்தையோடு ஸ்டெல்லா வந்தாள். அக்காவின் கண் குழந்தையின் தோள்பட்டையில் தடுப்பூசித் தழும்பைத் தேடியது.

“ஊசியெல்லாம் சரியா போட்டாச்சா?”

“போட்டாச்சும்மா” என்ற ஸ்டெல்லா குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “இப்ப ஏம்மா வந்த? வலியில கெடந்தப்ப எத்தினி தடவ உன்ன கூப்பிட்டேன் தெரியுமா?”

“ஊர்ல இருக்கிற பொண்ணுங்களுக்கெல்லாம் ஓடினேன். உனக்கு வரல. நான் பண்ணது தப்புடி. என்ன மன்னிச்சிடு.”

ஸ்டெல்லா குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மன்னித்தேன் என்று சொல்லச் சொல்லி அக்கா அவளை வற்புறுத்தவில்லை. “நாளைக்கி ஈஸ்டர். வூட்டுக்கு வா” என்றார்.

“நான் மட்டுமா?”

அக்கா கல்லாப் பக்கம் திரும்பினார். “மாப்ள, நீங்களும்தான். உங்க அம்மாவையும் கூட்டினு வாங்க.”

மறுநாள் காலைப் பூசையில் அக்கா நன்மை வாங்கினார். ஆனால் ஸ்டெல்லா வருவாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. பகல் சாப்பாட்டு நேரம் கடந்து, அக்கா மூன்றாம் முறையாகக் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது, தெருவில் ஆட்டோ வந்து நின்றது. நால்வரும் இறங்கினார்கள்.

அதன் பிறகு அக்காவுக்குக் கிடைத்த காலம் குறைவு. சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் செய்யத் தொடங்கினார்கள். கடைசித் தவக்காலத்தில் அவரால் புத்தகத்தைத் தூக்க முடியவில்லை. ஸ்டெல்லா கட்டிலருகில் உட்கார்ந்து படித்தாள். ஒருநாள், கடிதத்தைக் குறிக்கும் ‘நிருபம்’ என்பதை ‘நிருபர்’ என்று படித்துவிட்டாள். “அந்தக் காலத்துல ஏதுடி பேப்பர்காரன்?” என்று அக்கா சிரித்தார். சிரிக்கக்கூட மூச்சு வாங்கியது. உயிர்ப்பு விழா கழிந்த வாரத்தில், மகளின் கை தன் நெற்றியில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அக்காவுக்கு எண்ணெய் பூசி, நோயில்பூசுதல் என்னும் திருவருட்சாதனம் அளித்த பங்குத்தந்தைக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட செவிலியப் பிள்ளைகளுக்கும், அடக்கத்தன்று அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு சமைத்து அனுப்பிய பாத்திமா குடும்பத்தாருக்கும், தோள்கொடுத்துச் சுமந்த மாப்பிள்ளைக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். இன்னும் ஒருவர் இருக்கிறார். கல்லறையில் எல்லோரும் மண் போட்டபோது மாப்பிள்ளையின் தாயார் சற்றுத் தள்ளியே நின்றிருந்தார். பிறகு என்னிடம் வந்து, “உங்க மொறையில நானும் போடலாமாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையசைத்தேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் மண் எடுத்து, “போயிட்டு வாங்க சம்பந்தி, பொண்ண நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிப் போட்டார். அந்த அம்மையாருக்கு எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.