கடைசியில் வளைந்த பந்து

கட்டைகளைச் சாய்க்க உருட்டும் போலிங் பந்தின் உள்ளே கனமான கரு ஒன்று புதைந்திருக்கும். விரல் துளைகள் அதற்கு எந்தப் பக்கம் விழுகின்றன என்பதைப் பொறுத்துத்தான் பந்து சீக்கிரம் வளையும், அல்லது கடைசிவரை காத்திருந்து வளையும். என் புதுப் பந்தில் நானே கணக்குப் பார்த்துத் துளை போடச் சொன்னேன். தப்பினால் பந்தே பாழ்.

கிள்ளான் போலிங் கூடத்தில் அதை முதன்முதலாக உருட்டினேன். நேராக வலது ஓரப் பள்ளத்தை நோக்கி ஓடியது.

"போச்சு லா! லோங்காங்குக்கே ரோடு போட்டுட்ட!" என்று பள்ளத்தைச் சாக்கடையாக்கிச் சிரித்தான் கூட வந்த அண்ணன்.

விளிம்பில் பந்து சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. அத்தனை கட்டைகளும் சரிந்தன. நான் குதித்த குதியில் பக்கத்துத் தடத்து அங்கிளும் கைதட்டினார்.

அண்ணன் ஓடிப்போய், திரும்பி வந்த என் பந்தை எடுத்தான். துளையில் அவன் கட்டைவிரல் பாதிகூட நுழையவில்லை.

"என் கைக்கு அளந்தது, அண்ணே. சொல்லு, உனக்கும் கணக்குப் போட்டுத் தரேன்!"