ஐந்துக்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு

விதி தெளிவானது. போர்க்காலத்தில் வலுக்கட்டாயமாக ஜெர்மனிக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கே முகாம்களில் இறந்தவர்களின் கல்லறைகள் காலவரம்பின்றிக் காக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்கு மண்ணில் தவணை உண்டு. குறித்த ஆண்டுகள் முடிந்ததும் உறவினர் வந்து நீட்டிக்க வேண்டும். வராவிட்டால் கல்லை அகற்றி இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். செத்த பிறகும் வாடகைக் குடித்தனம்தானா என்று முதலில் கேள்விப்பட்டபோது சிரித்தேன். இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கு இவற்றில் முதல் விதி பொருந்தியிருக்க வேண்டும்.

நான் சென்னையில் நில அளவைத் துறையில் நான்கு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, அறுபதுகளின் பிற்பகுதியில் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்துக்குப் புவியியல் படிக்க வந்தவன். படிப்புச் செலவுக்காகத் துறையின் வரைபட அறையில் உதவியாளனாக இருந்தேன். வேலை எளிது. இழுப்பறையிலிருந்து ஒரு வரைபடம் வெளியே போனால் அதன் இடத்தில் ஒரு சீட்டு வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் சீட்டை எடுக்க வேண்டும். சீட்டு வைக்காமல் எடுத்துப் போகிறவர்கள் பேராசிரியர்கள் மட்டும்தான்.

1969 இலையுதிர் காலத்தில் பேராசிரியர் ஒருவர் பாடத்துக்காக ஒரு சிற்றூரைப் பற்றிக் குறிப்பு தயாரிக்கச் சொன்னார். அப்போது யூகோஸ்லாவியாவின் பகுதியாயிருந்த ஸ்லோவேனியாவில், ஸாவா நதியில் போய்ச் சேரும் ஒரு சிற்றாற்றின் பள்ளத்தாக்கு ஊர். ஆறு குறுகலான மலையிடுக்கிலிருந்து வெளியே வந்து, ஒரு குன்றைச் சுற்றி வளைகிறது. வளைவுக்குள் ஊர். குன்றின்மேல் கோட்டை, அதன் அடியில் தேவாலயம், தேவாலயப் படிகளிலிருந்து ஆற்றுப் பாலம்வரை ஒரே ஒரு தெரு. எதிர்ச் சரிவில் திராட்சை. பள்ளத்தாக்கின் வாய் குறுகல் என்பதால் அக்டோபரில் இறங்கும் மூடுபனி நண்பகல்வரை வெளியேற வழியில்லாமல் நிற்கும். வரலாறும் அப்படித்தான் அங்கே வந்து நின்றது. முதலில் தூரத்துக் கிறிஸ்தவ ஆயர் ஒருவருக்கு வரி கட்டிய ஊர்; பிறகு சந்தை உரிமை பெற்ற ஊர்; துருக்கியப் படை எரித்த ஊர்; ரயில்பாதை சற்று தள்ளிப் போனதால் வளராமல் போன ஊர்.

என்னிடம் மூன்று வரைபடங்கள் இருந்தன. ஆஸ்திரியப் பேரரசுக் காலத்தது ஒன்று, யூகோஸ்லாவியக் காலத்தது ஒன்று, 1941க்குப் பிறகு ஜெர்மன் ராணுவம் அச்சிட்டது ஒன்று. மூன்றிலும் வீடுகள் அதே இடத்தில் இருந்தன; வீட்டு எண்கள் எதிலும் இல்லை. ராணுவத் தாளில் ஊர், ஓடை, மேடு என்று எல்லாவற்றுக்கும் ஜெர்மன் பெயர். ஆள் மாறியது வரைபடத்தில் தெரியாது. 1941 இலையுதிர் காலத்தில், ஜெர்மனி அந்தப் பகுதியைக் கைப்பற்றிய பிறகு, ஸாவா ஓரத்துப் பள்ளத்தாக்குகளில் இருந்த ஸ்லோவேனியர்களை ரயிலேற்றி ஜெர்மனி முகாம்களுக்கு அனுப்பினார்கள். தெற்கே காட்டுப் பகுதியில் வாழ்ந்த ஜெர்மன் மொழிக்காரர்களைக் கொண்டுவந்து அதே வீடுகளில் வைத்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குள் அவர்களும் போனார்கள்.

இதை எழுதிக்கொண்டிருந்த ஒரு காலையில், கட்டடத்தைத் துப்புரவு செய்யும் பெண் என் மேசைக்குப் பின்னால் வந்து நின்றாள். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். யூகோஸ்லாவியாவிலிருந்து வேலைக்கு வந்தவள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈர விரலைப் பாவாடையில் துடைத்து, வரைபடத்தில் தேவாலயப் படிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது எங்க வீடு, ஹெர் டாக்டர்."

"நான் டாக்டர் இல்லை."

"மேசை இருக்கே. அப்ப டாக்டர்தான்."

அவள் ஜெர்மனிக்கு வந்தது வேலைக்காக மட்டுமல்ல. ஒன்பது வயதில், பெற்றோருடனும் இரண்டு வயதுத் தம்பியுடனும், இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு பழைய மடத்தில் அடைக்கப்பட்டிருந்தாள். முதல் குளிர்காலத்தில் தம்பிக்குக் காய்ச்சல். வெள்ளை உடுப்புக்காரி ஒருத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். குழந்தை திரும்பி வரவில்லை. எந்த ஆஸ்பத்திரி, செத்தானா, செத்தால் எங்கே புதைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

"அம்மா அப்பா போயிட்டாங்க. அவன் எங்கே படுத்திருக்கான்னு தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகம் ஒன்று இருந்தது. முகாம் பதிவேடுகள் அவர்களிடம் இருந்தன. ஆனால் அந்தப் பதிவேடுகளில் பெயர்களையெல்லாம் ஜெர்மன் பெயர்களாக்கி வைத்திருந்ததால், ஆளைக் கண்டுபிடிக்க ஒரே வழி ஊரும் வீட்டு எண்ணும்தான். விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்துக்குக் கீழே தடித்த கோடு போட்டிருந்தார்கள்.

"வீட்டு நம்பர்?"

"முப்பத்தெட்டு."

"பக்கத்து வீடு?"

"ரொட்டிக்காரர் வீடு. அஞ்சு."

பேனாவைக் கீழே வைத்தேன். எங்கள் அளவைத் துறையில் எண் என்பது ஒழுங்கு. கிராமத்தின் வடமேற்கு மூலையில் ஒன்று என்று தொடங்கும். அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று. நிலத் துண்டைப் பிரித்தாலும் 5/1, 5/2 என்று வருமே தவிர, ஐந்துக்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு முளைக்காது.

"அஞ்சுக்குப் பக்கத்துல முப்பத்தெட்டு எப்படி இருக்கும்?"

"இருந்ததே."

"நீங்க அப்ப சின்னப் பொண்ணு."

"சின்னப் பொண்ணுக்கு எண்ணத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, என் மேசையைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அட்டவணையில் சேராத ஒரு பெட்டியில் போர்க்காலப் புகைப்படங்கள் கிடந்தன. அவற்றில் இந்த ஊர் ஒன்றில் இருந்தது. விமானம் தாழப் பறந்து பக்கவாட்டில் எடுத்த படம். கொடியில் துணிகள் காய்ந்தன. தெரு நடுவில் ஒரு நாற்காலி. ஒரு மாடு கதவில்லாத முற்றத்தில் நின்றது. ஆட்கள் இல்லை. மரங்கள் இலை உதிர்த்திருந்த அந்தக் குளிரில், ஊர் முழுக்க ஒரு புகைபோக்கியிலும் புகை இல்லை. படிகளுக்குப் பக்கத்து வீட்டில் மட்டும் நூல்போல ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது.

படத்தை அவளிடம் காட்டினேன். "எங்க வீடு. ஒரு மணி நேரம்தான் கொடுத்தாங்க. அம்மா அடுப்பை அணைக்கல."

படத்தின் பின்புறம் தேதி இல்லை. ரயிலேறிய அன்றே எடுத்ததா, ஒரு வாரம் கழித்தா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து என்றால் அந்த அடுப்பை எரித்தது யார் என்ற கேள்வியை நான் அவளிடம் கேட்கவில்லை. மாறாக, படத்தைச் சான்றாக எடுத்துக்கொண்டு என் தொழிலைச் செய்தேன். ரொட்டிக்கார வீடு ஐந்து. அவள் காட்டிய வீடு அதற்கு அடுத்தது. ஆகவே ஆறு. விண்ணப்பத்தில் ஆறு என்று எழுதி, அளவோடு ஒரு வரைபடமும் இணைத்து, அவளிடம் கையெழுத்து வாங்கினேன். அவள் மறுக்கவில்லை. படித்தவன் சொல்கிறான்.

பதில் ஐந்து வாரத்தில் வந்தது. தவறான கேள்விகளுக்கு அலுவலகங்கள் விரைவாகப் பதில் சொல்லும் என்பதை நான் அப்போது இன்னும் கற்றிருக்கவில்லை. "ஆறாம் எண் வீட்டிலிருந்து குழந்தை எதுவும் கொண்டுவரப்பட்டதாகப் பதிவு இல்லை. தனியாக வாழ்ந்த முதியவர் ஒருவர் மட்டும். கோப்பு முடிக்கப்பட்டது."

அதன்பிறகு அவளிடம் ஒரு மாற்றம் வந்தது. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காலையில் வரைபட அறையைக் கூட்டிக்கொண்டே, சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினாள்.

"நாங்க நாற்பத்தஞ்சுல திரும்பிப் போனப்போ வீட்டுல வேற கரண்டி, வேற போர்வை. மூலையில ஒரு தொட்டில். எங்களோடது இல்ல. நடுவுல அங்க இருந்தவங்க விட்டுட்டுப் போனது. அம்மா அதை வெளியே போடவே இல்ல. தம்பியைப் பத்தி ஒரு வார்த்தையும் பேசினதில்ல. தொட்டிலை மட்டும் துடைப்பா."

இன்னொரு நாள்: "ஹெர் டாக்டர், நம்பர் எனக்குத் தப்பா ஞாபகம் இருந்தா, மத்ததும் தப்பா இருக்கலாம் இல்லையா? அந்தத் தொட்டிலைப் பார்த்துப் பார்த்து, தம்பின்னு ஒருத்தனை நானே உண்டாக்கிட்டேனோ?"

வெளியே ஆற்றுப்பக்கமிருந்து வந்த பனி ஜன்னலை முழுக்க மூடியிருந்தது. அப்படி இருக்காது என்று சொன்னேன். என் குரலில் அரசுக் கடிதத்தின் தொனி இருந்தது எனக்கே கேட்டது. அவள் தம்பியின் பெயரைச் சொல்வதை அதோடு நிறுத்தினாள். முன்பு வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வாள். குழந்தை இரண்டாவது முறையாக எங்கோ தூக்கிப் போகப்பட்டதுபோல இருந்தது. இந்தமுறை தூக்கிப் போனவன் வெள்ளை உடுப்பு போட்டிருக்கவில்லை.

1972 இலையுதிர் காலத்தில், இறந்துபோன பேராசிரியர் ஒருவரின் தாள்கள் துறைக்கு வந்தன. அட்டவணை போடும்போது அந்த ஊர் மறுபடி என் கையில் வந்தது. ஆஸ்திரியக் காலத்து நிலவரி வரைபடம், பெரிய அளவில், ஒவ்வொரு வீட்டின்மேலும் சிவப்பு மையில் எண். ஒன்று கோட்டையடியில். இரண்டு பாலத்தருகில். மூன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம், தனியே. பன்னிரண்டும் அறுபத்தொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன. வரைந்தவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு தேவாலயப் படிகளைப் பார்த்தேன். ஐந்து. அதற்குப் பக்கத்தில், அவள் விரல் வைத்த அதே இடத்தில், முப்பத்தெட்டு.

தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் விளக்கம் இருந்தது. எண்கள் வீடு கட்டப்பட்ட வரிசையில் தரப்பட்டவை.

அப்போது என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தவர் யாழ்ப்பாணத்து இயற்பியல் மாணவர், என்னைவிட இளையவர். அவரிடம் சொன்னேன். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டார்.

"அண்ணை, விளங்கேல்லை. அந்த மனிசி முப்பத்தெட்டு எண்டுதானே சொன்னவ?"

"ஆமா."

"நீங்கள் ஆறு எண்டு எழுதினியள்."

"ஆமா தம்பி."

"ஏன்?"

"ரூல் அப்படி."

"ஆரின்ரை ரூல்? மெட்ராஸ் ரூலோ?" சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஓம், சரி. உங்கட தாசில்தாரைக் கொண்டுபோய் ஸ்லோவேனியாவிலை இருத்திப்போட்டியள். இப்ப அவவிட்டைப் போய்ச் சொல்லுங்கோ."

"கடிதமா எழுதிக் கொடுத்தா..."

"கடிதத்திலை சொல்ல ஏலாது அண்ணை. நேரை போங்கோ."

மறுநாள் காலை வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக் காத்திருந்தேன். எடுத்த இடத்தில் சீட்டு வைக்கவில்லை. அவள் குனிந்து சிவப்பு எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். தன் வீட்டுக்கு வந்ததும் இருமுறை படித்தாள்.

"தப்பு என்னோடது," என்றேன். "நீங்க சொன்னது சரி."

"மூணு வருஷம்," என்றாள். பிறகு மெதுவாக, ஜெர்மன் மொழியில் அல்லாமல் தன் மொழியில், தம்பியின் பெயரைச் சொன்னாள்.

திருத்திய விண்ணப்பத்தை அன்றே அனுப்பினேன். முடித்த கோப்பைத் திறப்பது புதுக் கோப்பைத் திறப்பதைவிடக் கடினம். எண்ணை மாற்றியது யார், எந்த ஆதாரத்தில், முதல் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர் பொய் சொன்னாரா என்றெல்லாம் கேட்டார்கள். அவள் பொய் சொல்லவில்லை, படித்த முட்டாள் ஒருவன் அவளைத் திருத்தினான் என்று நானே எழுதிக் கையெழுத்திட்டு, வரைபடத்தின் நகலையும் இணைத்தேன். நினைவூட்டல் எழுதினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தவணை தவறாமல்.

பதில் என் முகவரிக்கு வந்தது. உறையைப் பிரிக்காமல் துறைக்கு எடுத்துப் போனேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களே படிங்க, சத்தமா," என்றாள்.

படித்தேன். முப்பத்தெட்டாம் எண் வீடு. ஆண் குழந்தை, வயது இரண்டு. மடத்திலிருந்து பக்கத்து நகரத்தின் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டது. 1942 பிப்ரவரியில் நுரையீரல் அழற்சியால் இறப்பு. நகரக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். வரிசையும் இட எண்ணும் தந்திருந்தார்கள்.

"இருந்தான்," என்றாள். "இருந்தான் இல்லையா?"

"இருந்தான்."

"நம்பரை இன்னொரு தடவை."

மறுபடி படித்தேன். கீழே இன்னொரு பத்தி இருப்பதை அவள் பார்த்துவிட்டாள். "அது என்ன?"

அதையும் படித்தேன். பிறந்த ஊர் ஜெர்மன் பெயரில் பதிவாகியிருந்ததால், குழந்தை உள்ளூர் ஜெர்மன் குழந்தையாகக் கருதப்பட்டிருந்தது. நிரந்தரமாகக் காக்க வேண்டிய கல்லறைகளின் பட்டியலில் அது சேரவில்லை. தவணை முடிந்ததும் உறவினருக்காக அறிவிப்பு ஒட்டப்பட்டது. யாரும் முன்வராததால் 1971 வசந்தத்தில் இடம் அகற்றப்பட்டு, வேறொருவருக்கு வழங்கப்பட்டுள்ளது. நிர்வாகம் வருந்துகிறது.

அவள் விரல்விட்டு எண்ணினாள். முதல் விண்ணப்பம் போனது 1969 நவம்பரில். அவள் எண்ணத் தெரிந்தவள்.

"வசந்தத்துல," என்றாள். அன்று அவள் கூட்டவில்லை. மேலங்கியை மாட்டிக்கொண்டு, ரயில் நேரம் என்ன என்று மட்டும் கேட்டாள். அந்த நகரத்துக்கு ஒன்பது நாற்பதுக்கு ஒரு வண்டி இருந்தது. கூட வரட்டுமா என்று கேட்டதற்குத் தலையசைத்து மறுத்துவிட்டு, கடிதத்தை வாங்கிக்கொண்டு போனாள். உறை மட்டும் என்னிடம் நின்றது. வேறென்ன செய்வதென்று தெரியாமல், பழைய அலுவலக வழக்கப்படி, அதன் மூலையில் வரவுத் தேதியைக் குறித்தேன்: 11 மார்ச் 1974.