எண்ணெய்மேல் விழுந்த பழி

என் கணவரைப் பட்டறையில் எல்லோரும் 'ரெண்டு சொட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். லாரிகளுக்கு டயர் கழற்றி மாட்டுகிற பட்டறை அது. சக்கரத்து நட்டுகளைக் கழற்றுவதும் முடுக்குவதும் காற்றில் ஓடுகிற ஏர் கன். காலையில் வேலை ஆரம்பிக்குமுன் ஒவ்வொரு கன்னிலும் காற்று நுழைகிற வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும் என்பது அவர் கட்சி. மூன்று விட்டால் வீண், ஒன்று விட்டால் பாவம். பதினெட்டு வருஷமாக மூச்சுக்கு முந்நூறு தடவை இதையே சொன்னதில் கிடைத்த பெயர்.

கல்யாணமான புதிதில் என் தையல் மெஷினைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "யாரு இதுக்கு இந்த ஆயில போட்டது?" என்று கேட்டார். நான்தான் போட்டிருந்தேன். அவர் என்னிடம் முதன்முதலாகக் கோபப்பட்டது அன்றைக்குத்தான். அதன்பிறகு நான் குழம்பைக் கருக்கியிருக்கிறேன், வீட்டுச் சாவியைத் தொலைத்திருக்கிறேன், அவருடைய அக்காவோடு ஆறு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். அதற்கெல்லாம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்த வருஷம் என் பித்தப்பையில் கல் என்று அறுத்து எடுத்தார்கள். நாலு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நடுவில் காய்ச்சல் வந்து ஒன்பது நாளாகிவிட்டது. ஒன்பது நாளும் என் கட்டில் பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், மருந்து வண்டியின் சக்கரம் கிறீச்சிடுகிறது என்று நர்ஸிடம் அனுமதி கேட்டு, சட்டைப்பையில் இருந்த சின்னக் குப்பியை எடுத்து எண்ணெய் விட்டார். ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் அது பையில் இருந்திருக்கிறது. அதற்கப்புறம் நர்ஸ் வருவது யாருக்கும் கேட்கவில்லை, தூங்குகிற நோயாளிகள் ஊசியைப் பார்த்துத்தான் கண் விழித்தார்கள்.

ஆறு வாரம் கழித்து ஒரு முழுநாள் பரிசோதனைக்கு மறுபடி வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அவர் பட்டறைக்குத் திரும்பிப் போன அன்று பெரிய ஏர் கன்கள் மூன்றும் இடத்தில் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஜாம் ஆகிவிட்டதாம். புதிதாக வந்திருந்த மேனேஜர் அவற்றை விற்ற கம்பெனிக்கே அனுப்பியிருந்தார். அங்கிருந்து ஒரு சீட்டு வந்திருந்தது. 'உள்ளே பழுப்பு நிறப் பசை. பயன்படுத்திய எண்ணெய் பொருத்தமற்றது.' பட்டறைக்கு எந்த எண்ணெய் வாங்குவது என்று முடிவு செய்கிறவர் பதினெட்டு வருஷமாக இவர் ஒருவர்தான். சனிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

இதை எனக்குச் சொன்னது திங்கட்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே.

"வேலை போயிடுமா?" என்றேன்.

"பொருத்தமில்லாத ஆயில்னு எழுதியிருக்கான்," என்றார்.

"நான் வேலையக் கேக்கறேன்."

"பதினெட்டு வருஷமா அதே ஆயில்," என்றார். இந்த மனுஷனோடு முட்டிக்கொள்வதற்குச் சுவர் எவ்வளவோ மேல்.

எங்கள் வீட்டில் ஒரு குட்டி என்ஜின் உண்டு. உள்ளங்கை அளவு, ஒரே ஒரு சிலிண்டர், பித்தளைச் சக்கரம். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அவரே செய்தது. எதையும் இழுக்காது, எதையும் தூக்காது. காற்றைக் கொடுத்தால் சுற்றும், அவ்வளவுதான். காற்று கொடுக்க, ஒரு பல் டாக்டர் வேண்டாம் என்று போட்ட சின்னக் கம்ப்ரஸரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பல் டாக்டர் கம்ப்ரஸரில் எண்ணெயே கிடையாதாம், நோயாளி வாய்க்குள் எண்ணெய் போய்விடக் கூடாதாம். அதனால் எண்ணெயைச் சோதித்துப் பார்க்க அதைவிடத் தோதான காற்று இல்லை என்றார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாண ஃபோட்டோவில் நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சோதனை ஆரம்பமாயிற்று. என் தையல் மேஜைக்குப் பக்கத்து மேஜை. லாரி என்ஜின் ஆயில், பட்டறையில் லாரி தூக்குகிற ஜாக்கியின் ஆயில், முடிவெட்டுகிறவரிடம் கேட்டு வாங்கிய மெஷின் ஆயில், என்னைக் கேட்காமல் எடுத்த என் தையல் மெஷின் ஆயில், கடைசியாக அவருடைய ஆயில். ஒவ்வொன்றிலிருந்தும் என்ஜினுக்கு இரண்டு சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஓடவிட்டு, சிலிண்டரைத் திறந்து, என்னிடம் இருந்த வெள்ளை லைனிங் துணியில் துடைத்து, துண்டைச் சுவரில் குத்தி, கீழே பெயர் எழுதினார். அடுத்த எண்ணெய்க்கு முன் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்தார். நான் பாரம் தூக்கக் கூடாது, அதிகம் நடக்கக் கூடாது. உட்கார்ந்து இதையெல்லாம் பார்க்கக் கூடாது என்று மட்டும் டாக்டர் சொல்லவில்லை.

லாரி ஆயில் விட்டதும் என்ஜின் பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. "கெட்டி," என்றார். ஜாக்கி ஆயில் பரவாயில்லை, ஆனால் துணியில் மஞ்சள் படிந்தது. முடிவெட்டுகிறவர் ஆயில் சீக்கிரம் காய்ந்தது. என்னுடைய ஆயில் நன்றாகவே ஓடியது. அதை அவர் சத்தமாகச் சொல்லவில்லை, துண்டின் கீழே சின்ன எழுத்தில் 'சுமார்' என்று எழுதினார். எனக்கு வந்ததே கோபம், பென்சிலை வாங்கி 'நன்று' என்று திருத்தினேன்.

வியாழக்கிழமை அவருடைய ஆயில். முழு அரை மணி நேரமும் என்ஜின் ஒரே சீராக ஓடியது. துணியில் ஒன்றுமே ஒட்டவில்லை. மறுபடி ஓட்டினார். மறுபடியும் சுத்தம். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பசையே இல்ல. அப்புறம் எப்படிப் பசை வந்துச்சு?" என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடைசியாக ஒரு தடவை பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். என்ஜினுக்குக் காற்றைத் திறக்குமுன் வழக்கம்போலக் குனிந்து, கம்ப்ரஸர் டேங்கின் அடியில் இருக்கிற குட்டி வால்வைத் திருகினார். 'புஸ்' என்று சீறி, கீழே விரித்த பேப்பரில் ஒரு வாய் தண்ணீர் துப்பியது. நாலு நாளாக இந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டு நான் ஊசியைத் தவறான இடத்தில் இறக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னங்க அது சும்மா சும்மா?"

"காத்துல ஈரம் இருக்கும். அழுத்தினா டேங்குல தண்ணியா சேரும். வடிக்கலன்னா காத்தோட போயிடும்."

"போனா?"

"ஆயில அடிச்சிக்கிட்டுப் போயிடும். உள்ள துருப் பிடிக்கும்."

"பட்டறையில யாரு வடிப்பா?"

"நான்தான். மொத ஆளா போயி தொறந்துவிட்டுட்டுத்தான் மத்த வேலை."

"நீங்க என்கூட ஆஸ்பத்திரியில இருந்தப்ப?"

அவர் பித்தளைச் சக்கரத்தை விரலால் ஒரு சுற்று சுற்றினார். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் தொறந்திருக்க மாட்டாங்க," என்றார். "அப்படி ஒரு வேலை இருக்குன்னே யாருக்கும் தெரியாது. எல்லாரும் வர்றதுக்குள்ள நான் முடிச்சிடுவேன்."

"திரும்பிப் போன அன்னிக்குத் தொறந்தீங்களே, தண்ணி வரலையா?"

"வந்துச்சு."

"எவ்வளவு?"

"ரெண்டு வாளி. மழைக்காலம்னு நெனச்சேன்."

எனக்குத் திட்ட வாயே வரவில்லை. ஒன்பது நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனை எந்த வாயால் திட்டுவது? நான் ஆஸ்பத்திரியில் படுத்ததால்தான் இவருக்கு வேலை போகப்போகிறது என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று தைத்த ரவிக்கையில் இரண்டு கையும் இடது கையாகவே விழுந்தது.

சனிக்கிழமை நடந்ததை அவர் எனக்கு மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தார். மீதியை, சட்டைக்குக் காலர் மாற்ற வந்த பட்டறை வெல்டர் சொன்னார்.

திரும்பி வந்திருந்த மூன்று கன்களையும் மேனேஜர் மேஜையிலேயே இவர் பிரித்திருக்கிறார். பழுப்புப் பசையை என் லைனிங் துணியில் துடைத்துக் காட்டி, "இது ஆயில் பசை இல்ல சார், துரு. தண்ணி போயிருக்கு," என்றிருக்கிறார். மேனேஜர் தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்க, வால்வு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"ஏன் யாருக்கும் சொல்லலண்ணே? லீவு போறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும் சார்."

"அப்ப தப்பு யாரோடது?"

"என்னோடது. ஆயிலோடது இல்ல. அத மட்டும் அந்தச் சீட்டுல அடிச்சிடுங்க."

திட்டுவதற்கு எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எதிரில் இருப்பவர் எல்லாவற்றையும் தானே ஒப்புக்கொண்டால் என்ன செய்வது என்று மேனேஜர் படித்த படிப்பில் இல்லை போலிருக்கிறது. கடைசியில் பேனாவை எடுத்துச் சீட்டில் அந்த வரியை அடித்தார். மூன்றில் இரண்டு கன்களை இவரே சரிசெய்ய முடியும் என்றதால் செய்யச் சொன்னார். வேலையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

"அடிச்ச கோட்டப் பாத்துட்டு உங்க வீட்டுக்காரர் சிரிச்சாரு," என்றார் வெல்டர். "நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

"நானும்தான்," என்றேன்.

நாட்கள் போயின. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால், நானாகவே பேச்சை எடுத்தேன். எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது.

"பக்கத்து வீட்டு அக்கா கூட வரேன்னு சொல்லியிருக்காங்க. நீங்க லீவு போட வேணாம்."

அவர் என் தையல் மெஷினைக் கவிழ்த்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"வால்வு தொறக்க ரெண்டு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். ஒரு மாசமா நான் பக்கத்துல நின்னுக்கிட்டு அவங்கதான் தொறக்கறாங்க."

"அதுக்காக? மறுபடியும் ஏதாவது ஆச்சுன்னா?"

"உன்கூட வரணும்னுதானே சொல்லிக் குடுத்தேன்," என்றார். இரண்டாவது சொட்டை விட்டு, குப்பியை மூடி, மெஷினை நிமிர்த்தி என் பக்கம் தள்ளினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டிப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.