வீராயி காலி செய்த வீடு

ஏரிக்கரையில் குடிசை போட்டிருந்தவர்களுக்குப் பெரம்பலூரை ஒட்டி ஒரு மாடிக் குடியிருப்பில் அரசாங்கத்தில் வாடகைக்கு வீடு ஒதுக்கினார்கள். குலுக்கல் அன்றைக்கு ஜெயசித்ரா வேண்டிக்கொண்டது தன் வீட்டுக்காக அல்ல. வீராயி அக்காவுக்கும் அதே கட்டடத்தில் விழவேண்டும் என்பதுதான் அவள் வேண்டுதல். விழுந்தது. ஜெயசித்ராவுக்கு இரண்டாம் மாடி, வீராயிக்குக் கீழ்வீடு.

ஏரிக்கரையில் அடுத்தடுத்த குடிசையில் பதினைந்து வருஷம் பழகியவர்கள். ஜெயசித்ராவின் புருசன் அரியலூர்ப் பக்கம் சிமெண்டு லாரி ஓட்டுகிறவன், வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் பெரிது. மகள் சுகன்யாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் வீராயி. அந்தத் துணை இருந்ததால்தான் ஜெயசித்ரா ஜவுளிக்கடை வேலைக்குப் போக முடிந்தது.

வீராயிக்கு ஒரே மகன், தமிழரசன். கல் உடைக்கும் கிரஷரில் வேலை பார்த்தான். கிரஷரை மூடியதும் வீட்டோடு கிடந்தான். பிறகு வீட்டிலும் தங்கவில்லை, படிக்கட்டில் உட்கார ஆரம்பித்தான். நாலைந்து பேர் சேர்ந்தார்கள். பட்டப்பகலிலேயே பாட்டில், கஞ்சாப் புகை, காது கிழிய ஸ்பீக்கர். படியிலேயே மூத்திரம் பெய்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு ஏறுகிற பெண்களுக்கு வழிவிடாமல் காலை நீட்டிக்கொண்டு சிரித்தார்கள். சுகன்யா காலேஜ் விட்டு வந்ததும் நேராக மாடி ஏறுவதை விட்டுவிட்டு, அம்மா வரும்வரை பஸ் ஸ்டாப்பிலேயே நிற்கத் தொடங்கினாள். தன்னைத் தூக்கி வளர்த்த வீட்டைத் தாண்டிப் போகவே அந்தப் பெண்ணுக்குப் பயம்.

ஜெயசித்ரா முதலில் வீராயியிடம்தான் போனாள்.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்க மாட்டானா?"

வீராயி முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள். கன்றிப்போயிருந்தது. "சொல்லிப் பாத்துட்டேன் புள்ள" என்றாள்.

அதன் பிறகு ஜெயசித்ரா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கட்டடத்தில் மற்றவர்களும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்டால் கதவில் கல் விழும், வண்டியில் சீட்டு கிழிந்திருக்கும்.

கேட்டவர் முதல் மாடி கிருஷ்ணமூர்த்தி. வயசானவர், மூச்சு இரைப்பு உள்ளவர். புகை வீட்டுக்குள் வருகிறது, கொஞ்சம் தள்ளி உட்காருங்கப்பா என்றுதான் சொன்னார். தமிழரசன் எழுந்து ஒரு தள்ளு தள்ளினான். ஏழெட்டுப் படி உருண்டு வந்து வீராயியின் வாசலில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் போனதும் வீராயி, வாசலைத் துடைக்க எடுத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஜெயசித்ரா இறங்கி வந்தபோது அவள்தான் முதலில் பேசினாள்.

"எழுதிக் குடு சித்ரா. எம் மவன்னு பாக்காத. இன்னிக்கி இவரு, நாளைக்கி யாரோ."

ஜெயசித்ரா போலீசுக்கும் வீடு ஒதுக்கிய ஆபீசுக்கும் புகார் எழுதிக் கொடுத்தாள். அவள் போட்ட பிறகு பதினோரு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். விசாரணைக்கு வந்தவர்களிடம் கண்ணால் கண்டதைச் சொன்னவளும் அவள்தான். தமிழரசனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். படிக்கட்டைக் கழுவிவிட்டார்கள். சுகன்யா அன்றைக்குத் தனியாக மாடி ஏறி வந்தாள்.

எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது வீராயி பேருக்கு நோட்டீஸ் வந்தது. வீட்டைக் காலி செய்யவேண்டும்.

ஜெயசித்ரா லீவு போட்டுவிட்டு வீராயியைக் கூட்டிக்கொண்டு அந்த ஆபீசுக்கு ஓடினாள்.

"தப்பு செஞ்சது பையன் சார். இவங்க பாவம், அடி வாங்குனவங்க."

அதிகாரி கோபக்காரர் இல்லை. உட்காரச் சொல்லித்தான் பேசினார். "அந்தப் பையன் பேர்ல ஏதும்மா வீடு? இந்தம்மா பேர்லதானே ஒதுக்கீடு? வீட்டுல இருக்குறவங்க தொந்தரவு பண்ணுனா ஒதுக்கீடு ரத்துதான். கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் சமாதானம்னு எழுதிக் குடுத்தா மேல கேட்டுப் பாக்குறேன்."

ஜெயசித்ரா வீடு வீடாக ஏறி இறங்கினாள். சிலர் தலையாட்டினார்கள். கிருஷ்ணமூர்த்தியின் சம்சாரம் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"இந்த மனுசனுக்குப் படுக்கையிலயே நாந்தான் மூத்திரச் சட்டி வெக்கிறேன். ஜாமீன்ல வந்தா அவன் எங்க வருவான்? ஆத்தா வூட்டுக்குத்தான வருவான்? நீயே சொல்லு."

ஜெயசித்ரா சமாதானம் என்று எழுதிய தாளை மடித்துக்கொண்டு திரும்பினாள். அந்தம்மா கேட்டது நியாயம்.

காலி செய்த அன்று வீராயிக்கு ஒரு மினி டெம்போவே அதிகமாக இருந்தது. பீரோ இல்லை, கட்டில் இல்லை. ஜெயசித்ராதான் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். கட்டக் கட்ட அழுதாள். வீராயி அழவில்லை. வீட்டைப் பெருக்கி, சாவியைக் கொடுத்துவிட்டு, ஆண்டிமடத்தில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போனாள். தமிழரசன் ஜாமீனில் வந்து திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஆத்தாளைத் தேடி அவன் வரவே இல்லை.

ஆடி மாசம் ஜெயசித்ரா ஜெயங்கொண்டம் போய், பஸ் மாறி ஆண்டிமடம் போனாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் வீராயி உட்கார்ந்திருந்தாள். கொட்டை எண்ணெய் பட்டு விரல்கள் கருத்து, தோல் உரிந்திருந்தன. வாங்கிப் போன பழத்தைக் கையில் வாங்காமல், பக்கத்தில் வைக்கச் சொன்னாள்.

"சுகன்யா நல்லாருக்கா?"

"நல்லாருக்காக்கா. அக்கா... என்னாலதானே இப்படி..."

"நாந்தான எழுதச் சொன்னேன்."

கிளம்பும்போது வீராயி ரோடு வரைக்கும் வந்தாள். பஸ் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் சொன்னாள்.

"சித்ரா, இனிமே வராத புள்ள. கோவமெல்லாம் இல்ல. உன்னப் பாத்தா எனக்கு வூடு ஞாபகம் வந்துருது. இங்க ஒரு மூலையில படுத்துக் கெடக்குறேன். அதுக்கு மனசப் பழக்கிக்கிட்டு இருக்கேன்."

ஜெயசித்ரா சரியென்று தலையாட்டினாள். பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்து நின்றபடி திரும்பிப் பார்த்தபோது, வீராயி அதற்குள் கொட்டகைக்குள் போயிருந்தாள்.